பெயரில் ஒரு சின்ன கேஸ் இருந்தால் போலீஸ் வேலைக்குப் போக முடியுமா?

காவிரி டெல்டாவில் இந்தக் கேள்வி எழாத ஊர் அரிது. வாய்க்காலில் யார் முதலில் மடை திறப்பது என்ற தகராறு, மாரியம்மன் திருவிழாவில் இரண்டு தெருக்காரர்களுக்குள் கைகலப்பு, காவிரித் தண்ணீர் கேட்டுச் சாலை மறியல். புகார் எழுதும்போது எதிர்வீட்டு ஆண்பிள்ளைகள் பெயரை எல்லாம் வரிசையாகச் சேர்த்துவிடுவதும் நம் பக்கத்து வழக்கம்தான். அந்த வரிசையில் ஒரு பெயர், பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலையில் ஆற்றங்கரையில் ஓடிப் பழகும் பையனுடையதாக இருக்கும். இரண்டு வருடம் கழித்து எழுத்துத் தேர்விலும் உடல்திறன் தேர்விலும் தேறி, பட்டியலில் பெயர் வந்தபின், வெரிஃபிகேஷனில் அந்தப் பழைய கேஸ் குறுக்கே நிற்கும்.

முடியுமா என்றால், சிலருக்கு முடியும், சிலருக்கு முடியாது. கேஸ் சின்னதா பெரியதா என்பதைவிட இரண்டு விஷயங்கள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. ஒன்று, அந்த கேஸ் எந்த வார்த்தைகளில் முடிந்தது. மற்றது, கேட்ட இடத்தில் நீங்கள் அதைச் சொன்னீர்களா, மறைத்தீர்களா. இரண்டும் ஓரளவு உங்கள் கையில் இருப்பவை. தேர்வு அறிவிக்கை வரும்வரை காத்திராமல் இன்றே தொடங்க வேண்டிய வேலைகள் அவை.

விதியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணிக்கான சிறப்பு விதிகளில் 14(பி) என்று ஒரு விதி இருக்கிறது. வேலைக்கு வருபவரின் நடத்தையும் பின்னணியும் தகுதியானவையாக இருக்க வேண்டும் என்பதோடு, காவல்துறைச் சரிபார்ப்புக்கு முன் அவர் எந்தக் குற்ற வழக்கிலும் சம்பந்தப்பட்டிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் அதில் உண்டு. 2003-ல் சேர்க்கப்பட்ட அந்த நிபந்தனைக்கு இரண்டு விளக்கங்கள் உள்ளன. போலீஸ் வேலைக்கு ஓடிப் பழகும் ஒவ்வொருவரும் இவற்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

முதல் விளக்கம்: சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்பட்டவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால், அதாவது முன்பு சொன்னதைக் கோர்ட்டில் மாற்றிச் சொன்னதால், விடுதலையானவரும், வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார்கள். இரண்டாவது விளக்கம்: சரிபார்ப்பின்போது வழக்கு நிலுவையில் இருந்து, பிறகு கௌரவமான விடுதலையிலோ, ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ (விவரப் பிழை) என்று போலீசே முடித்துவைப்பதிலோ போய் நின்றால், அவர் சம்பந்தப்படாதவராகக் கருதப்படுவார். ஆனால் கைவிட்டுப் போன அந்தத் தேர்வில் இடம் கிடைக்காது. அடுத்த தேர்வில் கலந்துகொண்டுதான் உரிமை கோர முடியும்.

சென்னை உயர்நீதிமன்ற முழு அமர்வு 2008-ல் இந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. ஆகவே ‘விடுதலை ஆயிட்டேன், இனி என்ன?’ என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. விடுதலைத் தீர்ப்பின் கடைசிப் பத்தியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் வேலை அந்த நாலு வரியில் இருக்கிறது.

உங்கள் பெயரில் இருப்பது கேஸ்தானா?

பலர் இல்லாத கேஸுக்குப் பயப்படுகிறார்கள். சிலர் இருக்கிற கேஸை மறந்தே போகிறார்கள். ஹெல்மெட் போடாததற்கு வண்டியை நிறுத்தி ஃபைன் போட்டது குற்ற வழக்கு அல்ல. புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து, இரு தரப்பையும் ஸ்டேஷனுக்கு அழைத்துப் பேசி, எழுதி வாங்கி அனுப்பியிருந்தால் அது மனு விசாரணை, எஃப்.ஐ.ஆர். இல்லை. ‘107 போட்டாங்க’ என்று ஊரில் சொல்வது, அமைதியைக் காக்கக் கோட்டாட்சியர் முன் பிணைப்பத்திரம் எழுதி வாங்கும் முன்னெச்சரிக்கை நடவடிக்கை. அது குற்றத்துக்கான தண்டனை அல்ல. ஆனாலும் படிவத்தில் அதைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தால் எழுதத்தான் வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். இருந்தால் அது கேஸ். அடிதடி என்றால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 294(பி) (ஆபாசமாகத் திட்டுதல்), 323 (அடித்தல்), 341 (வழிமறித்தல்), 506 (மிரட்டுதல்) என்ற நான்கு எண்களும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சம்பவம் என்றால் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 296, 115, 126, 351 ஆகியிருக்கும். மறியல், ஆர்ப்பாட்டம் என்றால் பழைய சட்டத்தில் 143 (சட்டவிரோதமாகக் கூடுதல்), 188 (அரசு அலுவலரின் உத்தரவை மீறுதல்).

நம் பக்கத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய சில வகைகள் உண்டு. கொள்ளிடத்திலோ வெண்ணாற்றிலோ மாட்டுவண்டியில் மணல் அள்ளியதாகப் போடும் கேஸை வீட்டில் ‘மணல் கேஸ்தான்’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். அதில் கனிமச் சட்டத்தோடு திருட்டுப் பிரிவும் (பழைய 379) சேர்ந்திருக்கும். போலீஸ் வேலைக்கு விண்ணப்பிப்பவர் பெயரில் திருட்டு என்ற சொல் இருப்பதைப் போலப் பாதகமானது வேறில்லை. காரைக்காலிலிருந்து மது பாட்டில் கொண்டுவந்து நாகை, மயிலாடுதுறை சோதனைச் சாவடியில் மாட்டிக்கொண்டவர்கள் மேல் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937 பாயும். நண்பனின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவன் பெயரும் அதில் ஏறிவிடும். தீபாவளிக்குக் களத்துமேட்டில் சீட்டாடியதற்குச் சூதாட்டச் சட்டம். இவை எல்லாமே ஊர்க் கண்ணுக்குச் சின்னவை. சரிபார்ப்பு அறிக்கையில் அப்படி இருக்காது.

ஊரடங்குக் காலத்தில் வெளியே வந்ததற்காகப் போட்ட கேஸ் என்றால் ஒரு நல்ல செய்தி உண்டு. வன்முறை, போலி இ-பாஸ், போலீசாரைப் பணி செய்யவிடாமல் தடுத்தல் போன்றவை தவிர்த்த மற்ற ஊரடங்கு வழக்குகள் கைவிடப்படும் என்று 2021 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அப்படிப்பட்ட வழக்குகள் ஏறக்குறைய பத்து லட்சம். ஆனால் அறிவிப்பு வேறு, உங்கள் வழக்கு எண்ணுக்கு எதிரே ‘முடிக்கப்பட்டது’ என்று பதிவாவது வேறு. அது பதிவாகியிருக்கிறதா என்று நீங்களேதான் பார்க்க வேண்டும்.

காகிதங்களைச் சேருங்கள்

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் எஃப்.ஐ.ஆர். நகலைப் பார்க்கலாம். பாலியல் குற்றம் போன்ற நுண்மையானவை தவிர மற்ற எஃப்.ஐ.ஆர்.களை 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்கு முந்தைய கேஸ் என்றால் ஸ்டேஷனில் ரைட்டரிடம் குற்ற எண்ணும் ஆண்டும் கேட்டு வாங்குங்கள். அந்த எண் கிடைத்தால் இ-கோர்ட்ஸ் தளத்திலோ செயலியிலோ ஸ்டேஷன் பெயரையும் குற்ற எண்ணையும் போட்டு நீதிமன்ற வழக்கு எண்ணைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் பெயரைப் போட்டும் ஒருமுறை தேடுங்கள். தந்தை பெயர், ஊர் பெயர் மாறியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருக்கிற இடம் இது.

பிறகு அந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டுச் சான்றிட்ட நகல்களை வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு ஆகிய மூன்றும் கட்டாயம். போலீசே கேஸை மேல்நடவடிக்கை இல்லாமல் முடித்திருந்தால் இறுதி அறிக்கையும், அதை ஏற்றுக்கொண்ட நீதிமன்ற உத்தரவும் வேண்டும். எஃப்.ஐ.ஆரில் பெயர் இருந்து, விசாரணைக்குப் பின் குற்றப்பத்திரிகையில் பெயர் நீக்கப்பட்டிருந்தால், அதைக் காட்டும் தாள் தங்கம் மாதிரி. இரண்டு செட் எடுத்து ஒன்றை வீட்டில் பத்திரப்படுத்துங்கள். ‘ஏட்டய்யா முடிச்சு விட்டுட்டேன்னு சொன்னாரு’ என்ற வாய்ச் சொல்லை நம்பி வருடங்களைக் கழித்தவர்கள் டெல்டா முழுக்க இருக்கிறார்கள்.

கேஸை எப்படி முடிப்பது

நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிட்டுப் போயிடு தம்பி, வாய்தா வாய்தாவா அலைய வேணாம்’ என்று ஸ்டேஷனிலும் சொல்வார்கள், கோர்ட் வளாகத்திலும் சொல்வார்கள். பொது இடத்தில் குடித்துச் சத்தம் போட்டதாகப் போடும் ‘75’ கேஸ், சீட்டாட்ட கேஸ், மறியல் கேஸ் எல்லாவற்றிலும் இந்த அறிவுரை வரும். மற்ற வேலைக்குப் போகிறவருக்கு அது சரியாகக்கூட இருக்கலாம். காக்கிச் சட்டை கனவு இருப்பவருக்கு அது விஷம். குற்றத்தை ஒப்புக்கொண்டு சில நூறு ரூபாய் அபராதம் கட்டினால், சட்டத்தின் பார்வையில் நீங்கள் தண்டிக்கப்பட்டவர். நிரபராதி என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்கை நடத்துங்கள்.

அடுத்தது ஊர் ராஜி. பஞ்சாயத்தில் பேசி, எதிர்த்தரப்பு கோர்ட்டுக்கு வந்து ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்று சொல்லிவிடும். கேஸ் விடுதலையில் முடியும். ஊரில் சமாதானம், வீட்டில் பாயசம். ஆனால் 14(பி)-யின் முதல் விளக்கத்தைத் திரும்பப் படியுங்கள். புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் கிடைத்த விடுதலை உங்களைக் காப்பாற்றாது. ராஜிக்கு எதிர்த்தரப்பு சம்மதம் என்றால் அந்தச் சம்மதத்தை வேறு வழியில் பயன்படுத்துவது பற்றி வழக்கறிஞரிடம் கேளுங்கள். 323, 341, 506(1) போன்றவை சமரசத்துக்கு உட்பட்ட பிரிவுகள். நீதிமன்றத்தில் முறைப்படி சமரசம் பதிவானால் அதற்கு விடுதலையின் விளைவு உண்டு. 294(பி) அந்தப் பட்டியலில் இல்லை. நான்கு பிரிவில் ஒன்று சமரசத்துக்கு உட்படாததால்தான் பல கேஸ்கள் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) வரை போய்த் திரும்பிவிடுகின்றன. சமரசத்தையும் தேர்வாணையம் கௌரவ விடுதலையாக ஏற்றே தீர வேண்டும் என்று சட்டம் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள்.

கேஸில் சாரமே இல்லை என்றால் உயர்நீதிமன்றத்தில் ரத்து மனு போடலாம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 482, இப்போது பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 528. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை மாவட்டக்காரர்கள் மதுரைக் கிளைக்குப் போக வேண்டும். திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டக்காரர்கள் சென்னைக்கு. நீடாமங்கலமும் அம்மாப்பேட்டையும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான் என்றாலும் ஒருவருக்கு ரயில் வடக்கே, மற்றவருக்குத் தெற்கே. ரத்தாகிவிட்டால் சந்தேகத்தின் பலன், பிறழ் சாட்சி என்ற சொற்கள் பதிவில் வராது. ராஜியின் பேரில் ரத்தாவதைவிட, குற்றச்சாட்டில் முகாந்திரமே இல்லை என்று காரணம் சொல்லி ரத்தாவது உங்களுக்குப் பலம்.

மறியல், ஆர்ப்பாட்ட கேஸ்களுக்கு ஒரு வலுவான தீர்ப்பு இருக்கிறது. 188-ன் கீழ் நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க, சம்பந்தப்பட்ட அரசு அலுவலரின் எழுத்துப்பூர்வமான முறையீடு வேண்டும். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு இறுதி அறிக்கை தர முடியாது என்று 2018 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. அது கரூர் மாவட்ட வழக்கு; வழக்கறிஞர்கள் ‘ஜீவானந்தம் தீர்ப்பு’ என்பார்கள். தண்ணீருக்காகவும் எரிவாயுத் திட்டத்துக்கு எதிராகவும் சாலையில் உட்கார்ந்த கல்லூரி மாணவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். தன் ஊர் நிலத்துக்காகச் சாலையில் உட்கார்ந்தவன் காவல் வேலைக்குத் தகுதியற்றவன் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

விசாரணை நடந்தே ஆக வேண்டும் என்றால் முழுமையாக நடக்கட்டும். கௌரவமான விடுதலை என்ற சொல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இல்லை. தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2012-ல் உச்ச நீதிமன்றம் அதற்குப் பொருள் சொன்னது: அரசுத் தரப்புச் சாட்சியங்களை முழுமையாகப் பரிசீலித்து, குற்றச்சாட்டை நிரூபிக்க அரசுத் தரப்பு அடியோடு தவறிவிட்டது என்று கண்டு விடுவித்தால் அதைக் கௌரவமான விடுதலை எனலாம். ஆகவே வாதத்தின்போதே உங்கள் வழக்கறிஞர் இந்த நோக்கத்தைச் சொல்லி வாதாட வேண்டும். வேலைக்கு முயல்கிறேன் என்பதை முதல் சந்திப்பிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். பலர் கடைசிவரை சொல்வதே இல்லை.

வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். வட்ட அளவிலும் குழு உண்டு. பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினர், வருமான வரம்புக்குக் கீழே இருப்பவர்கள் ஆகியோருக்கு வழக்கறிஞர் இலவசம். உதவி எண் 15100.

பதினெட்டு வயதுக்கு முன் நடந்தது என்றால்

சம்பவ நாளில் 18 நிறையவில்லை என்றால் நிலைமை வேறு. இளைஞர் நீதிச் சட்டம், 2015-ன் 24-வது பிரிவு, அச்சட்டத்தின்கீழ் கையாளப்பட்ட சிறாருக்கு அந்தக் குற்றத்தால் எந்தத் தகுதியிழப்பும் வராது என்கிறது. மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் பதிவுகளை அழித்துவிட வேண்டும் என்றும் சொல்கிறது. 16 வயது கடந்து, கொடுங்குற்றத்தில் பெரியவராகக் கருதி விசாரிக்கப்பட்டவருக்கு இது பொருந்தாது. மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையில் இப்படி வேலை மறுக்கப்பட்ட ஒருவருக்கு 2019-ல் உச்ச நீதிமன்றம் ஆதரவாகத் தீர்ப்பளித்தது. உங்கள் கேஸில் வயதைத் தவறாக 19 என்று எழுதியிருந்தால், பள்ளி மாற்றுச் சான்றிதழையும் பிறப்புச் சான்றிதழையும் காட்டி இப்போதே திருத்த முயலுங்கள். படிவத்தில் கேட்டால், சம்பவ நாளில் உங்கள் வயது என்ன என்பதையும் 24-வது பிரிவையும் குறிப்பிட்டே எழுதுங்கள்.

படிவம் நிரப்பும் நாள்

விண்ணப்பத்திலும் பிறகு வரும் சரிபார்ப்புப் படிவத்திலும் கேள்விகள் வெவ்வேறாக இருக்கும். கைது செய்யப்பட்டீர்களா, வழக்குப் பதிவானதா, தண்டிக்கப்பட்டீர்களா, வழக்கு நிலுவையில் உள்ளதா என்பவை நான்கு தனித்தனிக் கேள்விகள். தண்டனை இல்லை என்பதற்காக ‘வழக்குப் பதிவானதா’ என்ற கட்டத்திலும் ‘இல்லை’ போட்டுவிடாதீர்கள். உண்மையை எழுதுங்கள். குற்ற எண், ஸ்டேஷன், பிரிவுகள், நீதிமன்ற வழக்கு எண், தீர்ப்பு நாள் எல்லாவற்றையும் எழுதி நகலையும் இணையுங்கள். கணினி மையத்தில் யாரோ அவசரமாக நிரப்பித் தருவதை அப்படியே விடாமல் ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களே படித்துப் பாருங்கள்.

2016-ல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகள் இன்றும் நாடு முழுவதும் அடிப்படை. வேலை கொடுப்பவருக்குத் தரும் தகவல் உண்மையாக இருக்க வேண்டும். இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்பமான வழக்கை ஒருவர் மறைத்திருந்தாலும் நிர்வாகம் அதை மன்னிக்கலாம். உண்மையைச் சொன்னவரையும் பின்னணி பார்த்து மறுக்க நிர்வாகத்துக்கு உரிமை உண்டு. குறிப்பாகக் கேட்ட தகவலை மட்டுமே ‘மறைத்தார்’ என்று குற்றம் சாட்ட முடியும்.

எஸ்.பி. அலுவலகத் தனிப்பிரிவுக் காவலர் ஊருக்கு வந்து கிராம நிர்வாக அலுவலரிடமும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். கணினிப் பதிவும் பார்க்கப்படும். மறைத்தது தெரிந்தால் கேஸ் என்ற ஒரு குறையோடு பொய் என்ற இரண்டாவது குறையும் சேர்ந்துவிடும். அந்த இரண்டாவதைக் கழுவ எந்த நீதிமன்றமும் எளிதில் உதவாது. விசாரிக்க வரும் காவலரிடம் பணம் கொடுத்துச் சரிசெய்யலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். நீங்கள் சேரப் போகிற துறைக்குள் நுழையும் வாசலிலேயே புதுக் குற்றம் செய்ததாக ஆகிவிடும்.

கேஸ் நடக்கும்போதே பயிற்சியை விடாதீர்கள்

வயது காத்திருக்காது. இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் பொதுத் தேர்வு நடத்துகிறது. பத்தாம் வகுப்பு போதும். உச்ச வயது பொதுப் பிரிவுக்கு 26, பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 28, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 31. ஆண்களுக்கு உயரம் 170 செ.மீ., பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களுக்கு 167. பெண்களுக்கு 159, 157. ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். எழுத்துத் தேர்வில் தமிழ்த் தகுதித் தாளில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அடுத்த தாள் திருத்தப்படாது. ஒவ்வொரு முறையும் அந்த ஆண்டு அறிவிக்கையை வரிவரியாகப் பாருங்கள். கேஸ் 23 வயதில் முடிந்தால் மீதம் மூன்று வருடம் என்று கணக்குப் போட்டு, அதற்கேற்ப விரைவு விசாரணை கோரும்படி வழக்கறிஞரைக் கேளுங்கள்.

மத்தியப் படைகளுக்கு எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) நடத்தும் ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வையும் எழுதிவையுங்கள். தமிழ்நாட்டின் 14(பி) அங்கே பொருந்தாது. அவர்களுக்கென்று தனி வழிகாட்டு நெறிகள் உள்ளன. ஆனால் அங்கேயும் கேட்டதை மறைத்தால் கதை முடிந்தது.

மறுத்து ஆணை வந்தால்

வாய்மொழியாகச் சொன்னதை வைத்துக்கொண்டு திரும்பி வராதீர்கள். காரணத்தோடு எழுத்துப்பூர்வமான ஆணையைக் கேளுங்கள். தராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சரிபார்ப்பு அறிக்கையின் நகலையும் ஆணையையும் கேட்டு மனு கொடுங்கள். ஆணையில் உங்கள் தீர்ப்பைப் படித்ததற்கான அறிகுறி இருக்கிறதா, பிரிவுகளைச் சரியாகக் குறிப்பிட்டிருக்கிறார்களா, வேறொருவர் கேஸை உங்கள்மேல் ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். அரசியலமைப்பின் 226-வது பிரிவில் உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு போடலாம். ஆணை வந்த சில வாரங்களுக்குள் போடுவது நல்லது. மற்றவர்கள் பயிற்சிக்குப் போய், காலியிடங்கள் நிரம்பியபின் போனால், கேஸில் நியாயம் இருந்தும் நிவாரணம் கிடைப்பது கடினம். முதல் மனுவிலேயே, வழக்கு முடியும்வரை ஓர் இடத்தைக் காலியாக வைத்திருக்க இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேளுங்கள்.